நாலு மில்லிசெக்கன்

ஒலுமடுப் பள்ளிக்கூட மைதானத்தில்
காலை ஐந்தே முக்காலுக்கு,
சோளகம் எழும்ப முன்னம்,
இருபத்திநாலு நில ஒலிவாங்கிகளைக்
கிழக்கு மேற்காகக் குத்தி முடித்தோம்.
ஐந்து மீற்றருக்கு ஒன்று.
ஒரு பக்கம் பாலைமரம், மறுபக்கம்
வன இலாகா போன மாசம் நட்ட எல்லைக்கல்.

சுகிர்தமலர் சம்மட்டியைத் தூக்கினா.
தூக்கியபடியே நின்றா.

பதினொரு வருசம் கண்ணிவெடி அகற்றினவ.
முழங்காலில் இருந்து, சாய்வாய்,
ஒரு விரற்கடைக்கு ஒரு மூச்சாக
மண்ணைத் தொட்டும் தொடாமலும் கிளறிப் பழகின கை.
அந்தக் கையில்
ஏழு கிலோ இரும்பைக் கொடுத்து
"ஓங்கி அடியுங்கோ அக்கா" என்கிறேன்.

முதல் அடி
பிள்ளையின் முதுகில் தட்டினமாதிரி விழுந்தது.
திரையில் ஒன்றும் இல்லை.
இரண்டாவதும் அப்படித்தான்.
மூன்றாவதுக்கு முன் கண்ணை மூடினா.
மைதானத்து ஆட்காட்டிகள் கத்திக்கொண்டு எழும்பின.
நூற்றுப் பதினைந்து மீற்றர் தள்ளி
கடைசி ஒலிவாங்கி துடிக்க
முப்பத்து நாலு மில்லிசெக்கன்.

"வெடிக்கேல்லை" என்றா,
தனக்குத்தான்.

போன வருசமும் இதே மைதானம்.
அப்போது ஒரேயொரு கோடு, வடக்குத் தெற்காக.
மடிக்கணினி கேட்டது:
வேகம் எல்லாத் திசையிலும் ஒன்றா?
ஓம் என்று அதுவே குறியிட்டும் வைத்திருந்தது.
நான் அழிக்கவில்லை.
படம் அழகாக வந்தது.
பிளந்த பாறை, ஈரம், அம்புக்குறி, கீழே என் கையொப்பம்.
அறுபத்திரண்டு மீற்றர் துளைத்தார்கள்.
சாம்பல் நிறப் பொடி வந்தது, வந்துகொண்டே இருந்தது,
பார்க்க நின்ற பிள்ளைகளின் தலைமயிரிலெல்லாம்.
அந்தக் குழாயில்
இப்போது கொடிக்கம்பம் நிற்கிறது.

இங்கே அடிப்பாறை வரிவரியானது.
கறுப்பு, வெள்ளை, மறுபடி கறுப்பு.
மலை ஒன்றின் கீழே வெந்து, பிசைபட்டு
வடக்குத் தெற்காக இழுபட்டுப் போன மா.
வரியோடு போனால் அலை ஓடும்.
வரியைக் குறுக்கே வெட்டினால்
ஒவ்வொரு படலத்திலும் நின்று
அடையாள அட்டை காட்டிவிட்டுத்தான் போகும்.

ஓமந்தையைத் தாண்டின எவருக்கும்
இதை விளக்கத் தேவையில்லை.
ஒரே தெரு, ஒரே மைல்;
இந்தப் பக்கம் வரப் பத்து நிமிசம்,
அந்தப் பக்கம் போக ஒரு பகல்.
நானும் அந்த வரிசையில் நின்றவள்தான்.
நின்றும், ஓம் என்றே விட்டேன்.

இன்று நடுவில் ஒரு முளை அடித்து, கயிறு கட்டி
முப்பது முப்பது பாகையாய்த் திரும்பினோம்.
வடக்குக் கோட்டில் முப்பது மில்லிசெக்கன்.
அதே பாறை, அதே சம்மட்டி, அதே தோள்.
நாலு மில்லிசெக்கன்:
கண் இமைக்கிற நேரத்தில் ஒரு தூசு.
அதற்குள் ஒரு கிணறு எட்டு மீற்றர் தள்ளிப் போய்விடும்.

இரண்டு திசை கிடைக்கவில்லை.
ஒன்றில் எல்லைக்கல்லுக்கு அப்பால் போகக் கூடாதாம்.
மற்றதில் சிவப்புத் தலை முளைகள்.
சுகிர்தமலர் பார்த்தா.
"அது நாங்கள் செய்யாத பக்கம்."
லாண்ட்மாஸ்டர் ஒன்று போய் முடியுமட்டும்
எல்லோரும் அசையாமல் நின்றோம்.
பத்து மணிக்குச் சோளகம் வந்தது.
பாலைமரத்தின் வேர் நடுங்குவது
இருபத்திநாலு வரியிலும் தெரிந்தது.

மத்தியானம் கொப்பித் தாளில்
கிடைத்த புள்ளிகளை இணைத்துக் காட்டினேன்.
வட்டம் வரவில்லை.
ஒரு பக்கம் நீண்டு, ஒரு பக்கம் ஒடுங்கி,
கொஞ்சம் ஊகத்தில் மூடின கோடு.
"முட்டை மாதிரி" என்றா.
"எந்தப் பக்கத்தில தண்ணி?"
தெரியாது என்றேன்.
போன வருசம் சொல்லியிருக்க வேண்டிய சொல்.

அவ சம்மட்டியின் பிடியைத் துடைத்து
வானுக்குள் வைத்தா.
பிறகு திரும்பிப் போய்
இரும்புத் தட்டுப் பதிந்த குழிகளை
ஒவ்வொன்றாகக் காலால் மூடி
மெல்ல மிதித்தா.
"பிள்ளையள் ஓடுற இடமெல்லே."